தண்ணி இறங்காத ஏரி

“கவர் எங்க?”

அரிகிருஷ்ணன் சார் இதைக் கேட்டப்ப படகு ஏரிக்கு நட்டநடுவுல இருந்துச்சு. எழுந்து ஓடிடணும்னு கால் பரபரங்குது. ஓடறதுக்குத் தரை இல்ல. நாலு பக்கமும் தேக்கடி தண்ணி, அதுக்கு மேல காடு, அதுக்கு மேல மலை.

“எந்த கவர் சார்?”னேன்.

“லெட்டர் பதினாறு இருக்கு. கவர் ஒண்ணுகூட இல்ல. பதினாறும் நடந்தா வந்துச்சு?”

“மனுசனே பஸ்ல தொங்கினு வர்ற காலம் சார். லெட்டரு நடந்து வந்தா இன்னா தப்பு?”ன்னார் சம்பத் அண்ணா. கழுத்தெல்லாம் வேர்வை அவருக்கு. மலைக்குப் போறோம்னு யார்கிட்டயோ இரவல் வாங்கின கம்பளி ஸ்வெட்டரை மடியில வச்சு விசிறிக்கிட்டிருந்தார்.

எதிர்ல அக்கா. அவ மடியிலயும் ஒரு ஸ்வெட்டர் இருந்துச்சு. அது அவ பின்னினது. நீலக் கலர். ஒரு கை மட்டும் பாக்கி.

இதை எழுதறப்ப நாங்க தாம்பரம் வந்து சேர்ந்தாச்சு. மணி ஒண்ணு. கடைசி எலெக்ட்ரிக் ட்ரெயின் போய் ரொம்ப நேரமாச்சு. விடிஞ்சா ஞாயித்துக்கிழமை. கோயில்ல எங்கக்கா கல்யாணத்துக்கு முதல் ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லலாம்னு பாஸ்டர் மூணு ஞாயிறு வாசிப்பாரே, அது. அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள நான் அக்காகிட்ட ஒண்ணு சொல்லியாகணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. அதனாலதான் மொதல்ல இங்க சொல்றேன். எனக்கு பயமா இருக்கு.

எங்கக்கா பேரு அமலராணி. நாலாங்கிளாஸ் டீச்சர். போன ஆகஸ்ட்ல அவளுக்கு நிச்சயம் ஆச்சு. மாப்பிள்ளை சுந்தர்சிங் அத்தானும் வாத்தியார்தான். அப்பா அம்மா கிடையாது, மிஷன் போர்டிங்ல வளர்ந்தவர். அக்டோபர்ல குமுளிக்கு மேல ஒரு ஏலக்காய் எஸ்டேட் ஸ்கூல்ல வேலை கிடைச்சுப் போனார். கிறிஸ்துமஸுக்கு வந்தார். ஜனவரி ரெண்டாம் தேதி நானும் அக்காவும் தாம்பரம் ஸ்டேஷன்ல நின்னு கையாட்டி ரயில் ஏத்தி விட்டோம். அப்புறம் வாரம் தவறாம லெட்டர். எல்லாம் தேக்கடி ஏரியைப் பத்தித்தான். ஏப்ரல் கடைசியோட அது நின்னுபோச்சு. மூணு வாரம் ஒரு வரி இல்ல. ஜூன் அஞ்சாம் தேதி கல்யாணம்.

அப்பா பயந்துபோய் அரிகிருஷ்ணன் சார்கிட்ட போனார். முப்பது வருஷம் ரயில்வேல டிக்கெட் எக்ஸாமினரா இருந்து ரிடையர் ஆனவர். தாம்பரத்துல சைக்கிள் காணோம், மாடு காணோம், மருமகன் காணோம்னா போலீஸுக்கு முன்னாடி அவர்கிட்டதான் போவாங்க. சம்பத் அண்ணா ஸ்டேஷன் வாசல்ல வாடகை சைக்கிள் கடை வச்சிருக்கார். சார் கேஸ்னு கிளம்பினா அவர் கடையை மூடிடுவார். எங்களுக்குத் துணையா சாரோட சம்சாரம் தாயாரம்மாளும் வந்தாங்க. முட்டிவலின்னு குமுளி லாட்ஜ்லயே உக்காந்துட்டாங்க.

அன்னிக்கு காலைலதான் எஸ்டேட்டுக்குப் போனோம். லீவு, ஸ்கூல் பூட்டியிருந்துச்சு. ஆபீஸ் கிளார்க் ஒருத்தர் இருந்தார்.

“சுந்தர்சிங் வாத்தியாரா? அவர் கிறிஸ்துமஸ் லீவுல போனவருங்க. வரவே இல்ல. வேலை வேணாம்னு ஜனவரில ஒரு கடுதாசி போட்டுட்டார்.”

அக்கா அங்க அழல. கைப்பையைத் திறந்து அந்தப் பதினாறு லெட்டரையும் எடுத்து கிளார்க் மேஜை மேல வச்சா. “அப்ப இதெல்லாம்?”னு கேட்டா. அவருக்கு என்ன தெரியும்?

சார் லெட்டர்களை எடுத்துக்கிட்டார். “வாங்க, ஏரியைப் பாத்துட்டு வரலாம்.”

“ஆளைத் தேடச் சொன்னா தண்ணியைப் பாக்கக் கூப்புட்றீங்களே சார்”னார் சம்பத் அண்ணா.

“ஆளை யாரும் பாக்கலை. லெட்டர்ல இருக்கற ஏரியை நாம பாக்கலாமே.”

அப்படித்தான் படகுல ஏறினோம். படகுத்துறையில படி இறங்கி, படி முடிஞ்சு, அதுக்கப்புறமும் சிவப்பு மண்ணுல வழுக்கி வழுக்கி இறங்கினோம். அவ்வளவு கீழ இருந்துச்சு தண்ணி.

இப்ப அந்தக் கேள்விக்கு வரேன். கவர் எங்கன்னு என்னைக் கேட்டதுக்கு அக்கா பதில் சொன்னா.

“கவர் பியூலா பேருக்குத்தான் சார் வரும். கல்யாணத்துக்கு முன்னாடி என் பேருக்கு லெட்டர் வந்தா தெருவே பேசும். அவ பிரிச்சு உள்ள இருக்கறதை மட்டும் எனக்குத் தருவா.”

எங்க ஜனங்ககிட்ட இது சகஜம். தங்கச்சி பேருக்குக் கவர், உள்ள அக்காவுக்கு லெட்டர். தங்கச்சி கவரை என்ன பண்றான்னு யாரும் கேக்க மாட்டாங்க. இவர்தான் மொதல்ல கேட்டார்.

“நான் ஸ்டாம்பு சேக்கறேன் சார். கிழிச்சு எடுத்துட்டு கவரைப் போட்டுடுவேன்.”

“ஓஹோ”ன்னார். நம்பினாரா இல்லயான்னு முகத்துல தெரியலை. டிக்கெட் வாங்கிப் பாக்கற மூஞ்சி அது. ஒரு லெட்டரைப் பிரிச்சு சத்தமா வாசிச்சார்.

“‘அன்புள்ள அமலாவுக்கு. இன்றும் ஏரிக்குப் போனேன். தண்ணீர் மூன்றாம் படியில் வந்து நிற்கிறது. பட்ட மரங்கள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கின்றன, குளத்தில் முங்கி விளையாடும் பிள்ளைகளைப் போல. குளிர்தான் விடமாட்டேன் என்கிறது.’ தேதி ஜனவரி பதினாறு. சம்பத், அடுத்ததை எடு.”

“மார்ச்சு ஆறு சார். மூணாம் படி. மரம் தலைய நீட்டுது. குளிருது.”

“அது?”

“ஏப்ரல் பத்து. மூணாம் படி, மரம், குளிரு. இன்னா சார், ரேடியோவுல கோடு விழுந்த ரெகார்டு மாறி கீது?”

அக்கா சம்பத் அண்ணாவை ஒரு பார்வை பாத்தா. அவர் நாக்கைக் கடிச்சுக்கிட்டார். “சாரிம்மா. தப்பா சொல்லலை. எழுத்து நல்லாத்தான் கீது.”

சார் அந்தப் பக்கம் கையைக் காட்டினார். தண்ணிக்குள்ள இருந்து பட்ட மரங்க கறுப்பா நிக்குது. தலை மட்டும் இல்ல. கழுத்து, இடுப்பு, சிலதுக்கு வேர் வரைக்கும் தெரியுது. ஒரு கொம்பு நுனியில நீர்க்காக்கா ஒண்ணு ரெக்கையை விரிச்சு காயவச்சுக்கிட்டிருந்துச்சு.

“தம்பி”ன்னு படகு ஓட்டறவரைக் கூப்பிட்டார். “மூணாம் படி வரைக்கும் தண்ணி எப்ப இருக்கும்?”

“நவம்பர், டிசம்பர்ல சார். மழை நின்னா இறங்க ஆரம்பிச்சுடும். இந்த வருஷம் பிப்ரவரிலயே படியெல்லாம் வெளிய தெரிஞ்சுபோச்சு.”

“ஏப்ரல்ல?”

“இதோ, இப்ப நீங்க மண்ணுல இறங்கி வந்தீங்களே, அப்படித்தான்.”

 கரையில ஆனைக்கூட்டம் ஒண்ணு குட்டியோட தண்ணிக்கு வந்துச்சு. வேற படகுல இருந்தவங்க எல்லாம் எழுந்து நின்னு கத்தினாங்க. எங்க படகுல யாரும் திரும்பல. இந்த ஏரியைப் பாக்கணும்னு அக்கா எட்டு மாசமா ஆசைப்பட்டவ. கல்யாணம் ஆனதும் மொதல்ல அங்கதான்னு அத்தான் எழுதியிருந்தார். அவ பாத்துக்கிட்டே இருந்தது அந்த மரங்களை.

“நாலு மாசமா ஏரியில தண்ணி இறங்குது”ன்னார் சார். “லெட்டர்ல இறங்கவே இல்ல. எழுதினவர் இந்த ஏரியை மழைக்காலத்துல மட்டும்தான் பாத்திருக்கார். டிசம்பர்ல பாத்ததையே நெனச்சு நெனச்சு எழுதியிருக்கார்.”

“எங்க இருந்து சார்?”னா அக்கா.

சார் லெட்டரை மறுபடி மடிச்சார். ஒரே ஒரு மடிப்பு. அந்த மடிப்பை விரலால தடவிப் பாத்தார். தபால் கவர் அளவைக் கையால காட்டி, லெட்டரை அதுக்குள்ள நுழைக்கற மாதிரி பாவனை பண்ணினார். நுழையாது. கவர்ல போகணும்னா மூணா மடிக்கணும். பதினாறுல முதல் லெட்டர்ல மட்டும்தான் மூணு மடிப்பு. மத்ததெல்லாம் ஒரே மடிப்பு, சரியா ஒரு காலேஜ் நோட்டு அளவு.

தலையைத் தூக்கி என்னைப் பாத்தார். என் மடியில இருந்த காலேஜ் நோட்டைப் பாத்தார். எங்க போனாலும் எழுதறதுக்கு அதை எடுத்துட்டுப் போற பழக்கம் எனக்கு.

அவ்வளவுதான், சொல்லிடப் போறார்னு நெனச்சேன். அக்கா முன்னாடி, தண்ணி நடுவுல.

“கரைக்குப் போலாம்பா, வெயில் தாங்கலை”ன்னார்.

கரையேறினதும் அவர் சம்பத் அண்ணாகிட்ட கண்ணைக் காட்டினார். சம்பத் அண்ணா அக்காவைக் கூட்டிட்டு சோடாக்கடைக்குப் போனார். “வாம்மா, இந்த ஸ்வெட்டரை யாருக்காவது வித்துட்டு சோடா குடிப்போம்.” அக்கா சிரிக்கலை. இருந்தாலும் போனா.

நாங்க ரெண்டு பேரும் மரத்தடியில நின்னோம். சார் வெத்தலைப் பெட்டியை எடுத்தார். திறக்கலை.

“பியூலா, நீ எந்த ட்ரெயின்ல காலேஜ் போற?”

“ஏழு அம்பது சார்.”

“திரும்பி வரப்ப தாம்பரத்துல இறங்கறியா, இல்ல ஒரு ஸ்டேஷன் முன்னாடியே இறங்கறியா?”

நான் நோட்டை முதுகுக்குப் பின்னாடி மறைச்சேன்.

“டிக்கெட் இல்லாதவன்கிட்ட டிக்கெட் எங்கன்னு கேட்டா நூறு கதை சொல்வான்மா. எங்க ஏறினன்னு கேட்டா திணறிடுவான். நானும் இந்த லெட்டர் எங்க ஏறுச்சுன்னுதான் பாத்தேன். சம்பத்துக்கு வேர்க்குது. எனக்கு வேர்க்குது. ஏப்ரல்ல இங்க யாருக்கும் குளிராது. ஆனா அவருக்குக் குளிருது, எல்லா லெட்டர்லயும். அப்ப குளிர் ஊர்ல இல்ல, உடம்புல. சாயங்காலம் ஆனா காய்ச்சல் வர உடம்பு. வேலையை விட்டுட்டு, கட்டிக்கப் போற பொண்ணுகிட்ட மறைச்சு, மாசக்கணக்கா படுத்திருக்கணும். கையால எழுதினதை ஒரு காலேஜ் பொண்ணு நோட்டுல வச்சு எடுத்துட்டு வரணும். தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் என்ன?”

“சானடோரியம்”னேன். டிபி ஆஸ்பத்திரிக்காகவே வச்ச ஸ்டேஷன் அது.

அவர் முகத்துல அப்ப ஒரு சந்தோஷம் வந்துச்சு பாருங்க, அதை நான் மறக்கவே மாட்டேன். “அட! ஒரு ஸ்டேஷன் தள்ளி இருக்கற ஆளைத் தேடி ஒரு ராத்திரி ரயில்ல, அரை நாள் பஸ்ல வந்திருக்கோம். டிபிதானேம்மா? இப்பதான் ஊசி இருக்கு, மாத்திரை இருக்கு, எத்தனையோ பேர் எழுந்து நடக்கறாங்க. நாளன்னிக்கே உங்கக்காவைக் கூட்டிட்டுப் போய் அவர் முன்னாடி நிறுத்திடறேன். உங்கப்பாகிட்ட நான் பேசறேன். ஓலையை ரெண்டு மாசம் தள்ளி வச்சா போச்சு…”

“சார்.”

“என்ன?”

“அவர் இல்ல சார். மார்ச்ல போயிட்டார்.”

வெத்தலைப் பெட்டியைத் திருப்பி ஜோபில வச்சார்.  “ஏப்ரல்ல லெட்டர் வந்துச்சே”ன்னார், என்கிட்ட இல்ல, தனக்குத்தானே.

அப்புறம் எல்லாத்தையும் சொன்னேன்.

ஜனவரில வந்த முதல் கவரை ஸ்டாம்புக்காகத் தண்ணில ஊறவச்சேன். முத்திரையைப் பாத்தேன். குமுளி இல்ல. தாம்பரம் சானடோரியம். மறுநாள் காலேஜ் விட்டு வரப்ப அங்க இறங்கினேன். வராந்தா ஓரத்துல கட்டில். மூணு போர்வை போத்திக்கிட்டு அத்தான். என்னைப் பாத்ததும் மொதல்ல வாயை மூடிக்கிட்டு, தள்ளி நில்லுன்னு கை காட்டினார்.

ஜனவரி ரெண்டாம் தேதி ரயில் ஏறினவர் செங்கல்பட்டுலயே இறங்கித் திரும்பிட்டாராம். கிறிஸ்துமஸுக்கே ரத்தம் வந்திருக்கு. “அமலாவுக்குத் தெரிஞ்சா இங்கயே வந்து உக்காந்துடுவா. அவ வேலையும் போகும், அவளுக்கும் ஒட்டிக்கும். தேறிடுவேன் பியூலா. அதுவரைக்கும் நான் மலையிலயே இருக்கறதா இருக்கட்டும்.” சத்தியம் எதுவும் வாங்கலை. ப்ளீஸ்னு மட்டும் சொன்னார். ஒரு பெரியவர் என்கிட்ட ப்ளீஸ்னு சொன்னது அதான் முதல் தடவை.

வாரா வாரம் வியாழக்கிழமை போனேன். அவர் எழுதி வச்சிருப்பார், நான் நோட்டுல வச்சு எடுத்துட்டு வருவேன். “ஏரி எப்படி இருக்கு அத்தான்?”னு கேப்பேன். “அப்படியேதான் இருக்கு”ம்பார். ரெண்டு பேரும் சிரிப்போம்.

மார்ச் பதிமூணு. ஆரஞ்சுப்பழம் வாங்கிட்டுப் போனேன். கட்டில்ல வேற ஒருத்தர் படுத்திருந்தார். வார்டு ஆயா முனியம்மா ஓடி வந்தா.

“நீதான் பியூலா பொண்ணா? அந்த சாரு செவ்வாக்கெழமையே பூட்டாரும்மா. சர்ச்சு ஐயரு வந்து ஜெபம் பண்ணி எட்த்துனு போனாங்கோ. கூட யாரும் இல்ல. இத்த உன்கைல குடுக்கச் சொன்னாரு.”

ஒரு பொட்டலம். உள்ள ஏழு லெட்டர், ஏப்ரல் இருபத்திநாலு வரைக்கும் முன்கூட்டியே தேதி போட்டு. அதோட ஒட்டின கவர் ஒண்ணு. எனக்கு ஒரு துண்டுச்சீட்டு:

‘வாரம் ஒன்றாகக் கொடு. கடைசியில் அந்தக் கவர். வேறொரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அதில் எழுதியிருக்கிறேன். அவள் என்னைத் திட்டட்டும். திட்டினால் சீக்கிரம் ஆறிவிடும். உன்னைப் பாடுபடுத்திவிட்டேன், மன்னித்துவிடு.’

ஏழையும் குடுத்தேன். செத்துப்போனவரோட லெட்டரை அக்கா வாசலுக்கு வந்து கையை நீட்டி வாங்குவா. ஸ்வெட்டர் பின்னிக்கிட்டே ரெண்டு தரம் படிப்பா. கடைசிக் கவரைக் குடுக்க முடியலை. அதைக் குடுத்திருந்தா இந்தக் கேஸே இல்ல. லெட்டர் நின்னதுக்குக் காரணம் நான்தான்.

சார் கையில இருந்த லெட்டர்களை ஒண்ணா அடுக்கினார்.

“முப்பது வருஷம் எத்தனையோ பேரை வண்டியில இருந்து இறக்கி விட்டிருக்கேன்”னார். “உன்னை எங்க இறக்கறதுன்னு தெரியலைம்மா.” அப்புறம், “ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கறதுக்குள்ள நீ சொல்லிடு. இல்லன்னா நான் சொல்ல வேண்டி வரும். நான் சொன்னா அது கேஸ் முடிஞ்ச சேதி. உங்கக்காவுக்கு அப்படி வரக்கூடாது.”

“எதைச் சொல்றது சார்? நெசத்தையா, அந்தக் கவரையா?”

“அதுதான் எனக்கும் தெரியலை.”

சோடாக்கடையில இருந்து அவங்க திரும்பி வந்தாங்க. சம்பத் அண்ணா சார் மூஞ்சியைப் பாத்தார், என் மூஞ்சியைப் பாத்தார். ஏதோ ஜோக் சொல்ல வாயைத் திறந்தவர் மூடிக்கிட்டார். மதுரைக்குப் பஸ், அங்க இருந்து ராத்திரி ரயில். ரயில்ல அவர் எனக்கு ஒரு ஆரஞ்சை உரிச்சுக் குடுத்தார். ஆரஞ்சைப் பாத்ததும் எனக்கு அழுகை வந்துச்சு. அவருக்கு ஏன்னு தெரியாது. “புளிப்பா கீதா பாப்பா?”ன்னு கேட்டுட்டு திருப்பி வாங்கிக்கிட்டார்.

அக்கா ராத்திரி பூரா பின்னிக்கிட்டே வந்தா. விழுப்புரம் தாண்டறப்ப ரெண்டாவது கையும் முடிஞ்சுபோச்சு. நூலைப் பல்லால கடிச்சு அறுத்தா. தெக்க இருந்து வந்ததால, விடிகாலையில சானடோரியம் ஸ்டேஷனுக்கு முன்னாடியே, தாம்பரத்துல இறங்கிட்டோம். அந்த ஒரு ஸ்டேஷனைப் பாக்க வேண்டாம்னு எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அதை நெனச்சா இப்ப அசிங்கமா இருக்கு.

இன்னிக்கு சாயங்காலம் பாஸ்டர் ஆள் அனுப்பினார். ஓலை வாசிக்கட்டுமா வேணாமான்னு. அப்பா அக்காவைப் பாத்தார். அக்கா, “காலைல சொல்றேம்பா”ன்னா.

கவர் என் தலையணைக்கு அடியில இருக்கு. குடுத்தா அவ அத்தானை வெறுப்பா. வெறுத்து, அழுது, ஒரு வருஷத்துல வேற யாரையாவது கட்டிப்பா. அத்தான் கேட்டது அதுதான். நெசத்தைச் சொன்னா, ஒரு ஸ்டேஷன் தூரத்துல ரெண்டு மாசம் படுத்திருந்தவரை ஒரு தடவைகூட பாக்க விடாத தங்கச்சியா நான் அவளுக்குத் தெரிவேன். தனியா புதைச்சாங்க. ஒரு பிடி மண்ணு போடக்கூட அவளை விடலை நான்.

இவ்வளவும் எழுதிட்டு விளக்கைச் சின்னதாக்கினேன். அக்கா தூங்கிட்டான்னுதான் நெனச்சேன். சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தா. மே மாசப் புழுக்கம். அந்த நீல ஸ்வெட்டரை நெஞ்சோட சேத்துப் பிடிச்சிருந்தா.

“பியூலா.”

“என்னக்கா?”

திரும்பலை. குரல்ல அழுகையும் இல்ல.

“அவர் இருக்கற எடத்துல ரொம்பக் குளிருமாடி?”